ஈரம் உலராத ரோமம்

"நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்" என்று தொடங்கும் பழமொழியை அறியாத தமிழர் இரார். அதன் பிற்பகுதி நாயின் புத்தியைப் பற்றியது. அஃது இங்கு நமக்கு வேண்டுவதில்லை. முற்பகுதியிலேயே ஒரு குறை உண்டு. குளிப்பாட்டியதற்கும் நடுவீட்டில் வைப்பதற்கும் இடையே செய்யவேண்டிய வேலையொன்றை நம் முன்னோர் சொல்லாமல் விட்டுவிட்டனர். உலர்த்துவதே அவ்வேலை. அவர்களைக் குறை கூறுவதற்கும் இடமில்லை. அக்காலத்து நாய் திண்ணையின் கீழும் களத்துமேட்டிலும் கிடந்தது. மழையில் நனைந்தால் உடம்பை உதறிக்கொண்டு, வெயில் கண்டவுடன் மணலில் புரண்டு தானே உலர்ந்துகொண்டது. குறுகிய ரோமமுள்ள நாட்டு நாய்க்கு அதுவே போதுமானதாகவும் இருந்தது.

இன்று நம் குடும்பங்களில் நிலைமை வேறு. சித்தூரிலும், திருப்பதியிலும், ரேணிகுண்டாவிலும் பிழைப்பின் பொருட்டு வந்து தங்கியுள்ள தமிழ்க் குடும்பங்கள் பல, இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்ட வீடுகளில் வசிக்கின்றன. அவ்வீடுகளிலேயே நாயும் வசிக்கிறது. பளிங்குபோன்ற தரையில் படுத்து, மின்விசிறிக் காற்றில் உறங்கி, குழந்தைகளோடு ஒரே பாயில் புரள்கிறது. பொமரேனியன் என்று நாம் அழைக்கும் அடர்ந்த வெள்ளை ரோம நாயும், லாப்ரடாரும், மூக்குச் சப்பையான பக் நாயும் இன்று நம்மவர் வீடுகளில் சகஜம். இவை வேறு தேசங்களின் சீதோஷ்ணத்திற்கு ஏற்பட்ட ரோமத்தையும் முகத்தையும் உடையவை. அவற்றை இங்குள்ள ஐப்பசி மழைக்கும் சித்திரை வெயிலுக்கும் இடையே வைத்துக் காப்பாற்றுவது நம்முடைய பொறுப்பாகிறது.

நம் பகுதியின் மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்மேற்குப் பருவமழையோடு நில்லாது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் இங்கே பெய்கிறது. 2021-ஆம் ஆண்டு நவம்பர் மாத நடுவில் திருப்பதியில் பெய்த பெருமழையை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தெருக்கள் ஆறாயின, சுவர்ணமுகி கரை புரண்டது. அத்தகைய பெருவெள்ளம் ஆண்டுதோறும் வருவதன்று. ஆனால் துணி மூன்று நாளானாலும் காயாத கார்த்திகை மாதம் ஆண்டுதோறும் வருகிறது. கொடியில் தொங்கும் வேட்டியே காயாதபோது, நாயின் உடம்போடு ஒட்டிய ரோமம் எங்ஙனம் தானாகக் காயும்?

நாயின் ரோமத்தின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்வது நலம். பொமரேனியன், லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு முதலிய ஜாதிகளுக்கு ரோமம் இரண்டு அடுக்காக அமைந்திருக்கிறது. மேலே நீண்டு சற்று முரடாயிருப்பது ஒன்று. அதன் அடியில் பஞ்சுபோல் நெருங்கி மென்மையாயிருப்பது மற்றொன்று. மேலடுக்கு நீரை வழியவிடும். அடியடுக்கு ஒருமுறை நனைந்துவிட்டால் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கையால் மேலே தடவிப் பார்த்தால் காய்ந்துவிட்டதாகவே தோன்றும். விரலை உள்ளே விட்டு வேர் வரை விலக்கிப் பார்த்தால் ஈரம் தெரியும். நம் வீடுகளில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தை அறியாததனால் நேர்பவையே. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி முதலிய நம் நாட்டு ஜாதிகளுக்குக் குட்டையான ரோமம்தான்; அவற்றை உலர்த்துவது எளிது.

ரோமத்தின் அடியிலுள்ள தோலோ நம்முடையதைவிட மெல்லியது. மனிதனுடைய மேல்தோலில் உயிரணுக்கள் பத்துப் பதினைந்து அடுக்குகளாக இருக்க, நாய்க்கு மூன்று முதல் ஐந்து அடுக்குகளே உள்ளன. இத்தோல் பல மணி நேரம் ஈரத்தில் ஊறிக் கிடந்தால், இயல்பாகவே அங்கு வசிக்கும் பாக்டீரியாக்களும், ஈஸ்ட் என்னும் பூஞ்சை வகையும் பெருகுகின்றன. நனைந்த நாயிடம் வீசும் அந்த நாற்றம் கூட இச்சிற்றுயிர்களிடமிருந்து வருவதே. பிறகு அரிப்பு உண்டாகிறது. நாய் நக்குகிறது, கடிக்கிறது, பிறாண்டுகிறது. காலையில் ஒன்றுமில்லாதிருந்த இடத்தில் மாலைக்குள் உள்ளங்கை அகலத்திற்கு மயிர் உதிர்ந்து, சிவந்து, நீர் வடியும் புண் தோன்றிவிடுகிறது. இவ்வளவு விரைவில் பரவும் புண் வேறில்லை என்றே சொல்லலாம். கன்னம், கழுத்து, வால் தொடங்கும் இடம் ஆகியவற்றில் இது மிகுதி. சீழோ நீரோ வடிவதைக் கண்டால் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு காலங்கடத்தாமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

நிற்க. நாய் தன்னைத்தானே உலர்த்திக்கொள்ளும் வித்தையை முதலில் பார்ப்போம். இயற்கையின் திறமையை வியக்கவேண்டிய இடம் இது. அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியா தொழில்நுட்ப நிலையத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிக்கர்சன், டேவிட் ஹூ முதலியோர், நனைந்த பிராணிகள் உடம்பை உதறுவதை வேகப் புகைப்படக் கருவியால் படமெடுத்து ஆராய்ந்து, 2012-இல் முடிவுகளை வெளியிட்டனர். சுண்டெலி முதல் கரடி வரை அவர்கள் பார்த்தார்கள். சிறிய பிராணி விரைவாக உதறுகிறது. பெரிய பிராணி மெதுவாக உதறுகிறது. சுண்டெலி ஒரு விநாடிக்குச் சுமார் முப்பது முறையும், பெரிய நாய் நான்கைந்து முறையும் உடம்பை இருபுறமும் சுழற்றுகின்றன. நாயின் தோல் உடம்போடு இறுகப் பொருந்தாமல் தளர்வாயிருப்பதனால், முதுகெலும்பு திரும்பும் அளவைக் காட்டிலும் தோல் மிக அதிகமாகச் சுழல்கிறது. சில விநாடிகளுக்குள் ரோமத்திலுள்ள நீரில் எழுபது விழுக்காடு வரை சிதறிப் போய்விடுகிறதாம்! எந்தத் துண்டாலும், எந்த மின்கருவியாலும் இவ்வளவு சீக்கிரத்தில் இதைச் சாதிக்க முடியாது.

இவ்வித்தை நாய்க்கு ஏன் வாய்த்தது என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் தேவை. பெரிய நாயின் ரோமத்தில் அரை லிட்டர் நீர் தங்கியிருப்பதாக வைத்துக்கொண்டால், அது தானே காய்வதற்கு 290 கிலோகலோரி வேண்டும். அவ்வெப்பத்தில் பெரும்பங்கை நாயின் உடம்பே கொடுக்க நேர்ந்தால், ஒரு வேளைச் சோறு அதற்கே போய்விடும். குட்டியும் கிழநாயும் ஈரத்தில் நடுங்குவதன் காரணம் இதுவே.

ஆகவே தாய்மார்கள் ஒன்று கவனிக்கவேண்டும். குளிப்பாட்டி முடிந்ததும் நாய் உதற முற்படும்போது, "ஐயோ, புடவையெல்லாம் நனைகிறதே" என்று அதைப் பிடித்து அடக்காதீர்கள். ஓரடி பின்னால் நகர்ந்து, இரண்டு மூன்று முறை நன்றாக உதறவிடுங்கள். உதறாமல் சும்மா நிற்கும் நாயின் காதில் மெல்ல ஊதினால் உடனே உதறும்.

உலர்த்துதல் என்பது உண்மையில் குளிப்பாட்டுவதற்கு முன்பே தொடங்குகிறது என்று சொன்னால் வியப்பாயிருக்கலாம். நீண்ட ரோமமுள்ள நாயைத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே சீப்பால் வாரிச் சிக்கெடுத்துவிட வேண்டும். சிக்குடன் நனைத்தால், அச்சிக்கு காயும்போது இறுகிக் கம்பளித் துணிபோல் ஆகிவிடும். அதன் அடியில் ஈரம் நாட்கணக்கில் நிற்கும். காதின் பின்புறம், முன்கால் இடுக்கு, தொடை ஆகிய இடங்களில்தான் சிக்கு மிகுதி. வாரும்போதே உதிர்ந்த அடிமயிரும் கழிந்துபோவதால், நீர் பிடிக்கும் பஞ்சு குறைந்து, உலர்த்தும் வேலை பாதியாகிறது. இறுகிய சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டுவது அபாயம். சிக்கோடு தோலும் மேலே எழும்பி வரும், தெரியாமல் வெட்டுப்படும். விரலால் சிறிது சிறிதாகப் பிரித்தெடுப்பதே உசிதம். பிரியாவிட்டால் அனுபவமுள்ளவர்களிடம் விட்டுவிடலாம்.

கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். ஈரமான தோற்பட்டையை மறுபடியும் மாட்டுவதால் கழுத்தைச் சுற்றிப் புண் வருகிறது. காதில் நீர் புகாமலிருக்கச் சிறிது பஞ்சு வைத்து, குளியல் முடிந்ததும் மறவாமல் எடுத்துவிட வேண்டும். நாயின் செவித்துளை முதலில் கீழ்நோக்கிச் சென்று பின்பு உட்புறமாக வளைகிறது. புகுந்த நீர் எளிதில் வெளியேறாது. காதுக் குச்சியை உள்ளே விடுவது கூடாது. தெரியும் பகுதியை மட்டும் மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

சோப்பைப் பற்றி வாதம் நடப்பதுண்டு. நம்முடைய தோல் சற்றே அமிலத்தன்மை உடையது. நாயின் தோல் ஏறக்குறைய நடுநிலையானது. ஆதலால் மனிதருக்கென்று செய்த ஷாம்பூவை அடிக்கடி உபயோகித்தால் தோல் வறண்டு செதில் உதிரும். சீயக்காய் நல்லதுதானே என்று கேட்பவர் உண்டு. கண்ணில் பட்டால் எரியும் என்பதோடு, அதன் தூள் அடியடுக்கில் தங்கிவிடுகிறது. அலசி எடுப்பது பெரும்பாடு. நாய்க்கென விற்கும் மிதமான ஷாம்பூ சிறிதளவு, வெதுவெதுப்பான நீர், தேய்த்ததைப்போல் இரண்டு மடங்கு நேரம் அலசுதல் இவை போதும். ஆரோக்கியமான நாய்க்கு மாதம் ஒருமுறை குளியல் தாராளம். வாரந்தோறும் குளிப்பாட்டுவது சுத்தம் என்று நினைப்போர், வாரந்தோறும் ஈரத்தையும் உண்டாக்குகிறார்கள் என்பதை நினைவில் கொள்வாராக.

இனித் துடைக்கும் முறை. கடையில் விற்கும் தேங்காய்ப்பூத் துண்டு நல்லது. பலமுறை துவைத்து நைந்த பழைய பருத்தி வேட்டி அதனினும் நல்லது. புதுத்துணியைவிட நீரை நன்றாக இழுக்கும். துண்டால் பரபரவென்று தேய்க்கக் கூடாது. தேய்த்தால் புதிய சிக்கு விழும். துண்டை ரோமத்தின்மேல் வைத்து அழுத்தி, எடுத்து, மறுபடியும் வேறிடத்தில் அழுத்த வேண்டும். நீர் தானாகத் துணிக்கு ஏறும். நீண்ட காலுள்ள நாயானால், காலைத் துண்டால் சுற்றி மேலிருந்து கீழாகப் பிழிவதுபோல் இழுத்துவிடலாம். பெரிய நாய்க்கு மூன்று துண்டுகளேனும் வேண்டும். முதல் துண்டு நனைந்தபின்பும் அதனாலேயே துடைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

முதுகைத்தான் எல்லோரும் துடைக்கிறார்கள். முதுகு விடாமல் காற்றுப்படும் இடம். அது தானே காயும். துடைக்கவேண்டிய இடங்கள் மறைவிடங்களே. கால்விரல்களின் இடுக்கு, அக்குள், தொடையிடுக்கு, அடிவயிறு, காதுமடலின் உட்புறம், வாலின் அடி, முகத்தில் தோல் மடிந்துள்ள வரிகள் இவற்றில் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஒற்றியெடுக்க வேண்டும். பக் நாயின் முகமடிப்பை நாள்தோறும் துடைத்து உலர்வாய் வைத்தாலன்றி அங்குப் புண் நிற்காது. துடைத்தபின் மின்விசிறியின் கீழ் நிறுத்தி, சீப்பால் ரோமத்தை எதிர்த்திசையில் மெல்லத் தூக்கித் தூக்கி வாரிவிட்டால், காற்று வேர் வரை செல்லும். நம் சீதோஷ்ணத்தில், மழைக்காலம் நீங்கலாக, பெரும்பாலான நாய்களுக்கு இதற்குமேல் ஒன்றும் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

வெயிலில் காயவிடுவது பற்றி. காலை எட்டு மணி வெயில் நல்லது. பத்து மணிக்கு மேற்பட்ட வெயில், சித்திரை வைகாசியில் நாற்பது பாகை செல்ஷியசைத் தாண்டும் திருப்பதியில், ஒருபோதும் நல்லதன்று. ஈரம் காயட்டும் என்று மொட்டை மாடியில் நாயைக் கட்டிவிட்டுச் சமையலைக் கவனிக்கச் செல்வது மிகவும் கொடிய காரியம். சிமெண்டுத் தரை உள்ளங்காலைச் சுடும். நிழலில்லை, நீரில்லை, கயிறு ஓடவும் விடாது. வெள்ளை ரோமமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய இராஜபாளையம் நாய்க்கு வெயிலால் மூக்கும் காதுநுனியும் புண்படுவதுண்டு. கோடைக்காலத்தில் பொமரேனியன் நாயை மொட்டையடிப்பதும் சிலரிடையே வழக்கமாயிருக்கிறது. அந்த ரோமமே அதற்குக் குடை. மழித்துவிட்டால் வெயில் நேரே தோலில் படும்; மழித்த ரோமம் சில நாய்களுக்குச் சரியாக மீண்டும் வளர்வதுமில்லை.

இப்பொழுது முக்கியமான விஷயத்திற்கு வருவோம். தலைமயிர் உலர்த்தும் மின்கருவி இன்று பல வீடுகளில் இருக்கிறது. மகள் உபயோகிக்கும் கருவியை நாய்க்கும் பிடித்தால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பு. எங்கள் இரயில்வே குடியிருப்பில், சென்ற மார்கழியில் ஒரு வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். பொமரேனியன் நாய், குளிரில் நடுங்கிற்று, பாவமென்று கருவியை அதிகச் சூட்டில் வைத்து, அருகில் பிடித்து, ஒரே இடத்தில் சிறிது நேரம் காட்டினார்கள். நாய் இருமுறை முனகியது. பயத்தினால் என்று எண்ணிக்கொண்டார்கள். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாளும் தெரியவில்லை. நான்காம் நாள் முதுகில் கை வைத்தபோது நாய் திரும்பிக் கடிக்க வந்தது. ரோமத்தை விலக்கிப் பார்த்தால், தோல் கருகித் தோற்செருப்புப்போல் தடித்திருந்தது. சில நாட்களில் அது ரோமத்தோடு கழன்று விழுந்தது. புண் ஆற ஏறக்குறைய இரண்டு மாதமாயிற்று. அவ்விடத்தில் இன்றும் மயிர் முளைக்கவில்லை.

ரோமம் சூட்டுப்புண்ணை மறைத்துவிடும் என்பதே இதிலுள்ள பெரும் மோசம். நமக்குக் கொப்புளம் உடனே தெரியும். நாய்க்குச் சில நாட்கள் சென்றபின் தெரியும். அக்கருவியின் வாயருகே காற்று 60 பாகை செல்ஷியசுக்கு மேலும் சூடேறக்கூடும். நாயால் "சுடுகிறது" என்று சொல்ல முடியாது. முனகலும், தலையைத் திருப்புதலும், ஒதுங்குதலுமே அதன் பாஷை.

மழைக்காலத்தில் அடர்ந்த ரோமமுள்ள நாய்க்குக் கருவியைப் பயன்படுத்தியே ஆகவேண்டுமென்றால், சூடில்லாத காற்றையோ மிகக் குறைந்த சூட்டையோ வைத்துக்கொள்ளுங்கள். முதலில் துண்டால் ஒற்றியெடுத்து, சொட்டாத நிலைக்குக் கொண்டுவந்தபின்பே தொடங்குங்கள். கருவி ரோமத்திலிருந்து ஒரு முழ தூரத்திற்குக் குறையாமலிருக்கட்டும். ஒரு கை கருவியைப் பிடித்து அசைத்துக்கொண்டே இருக்க, மற்றொரு கை காற்றுப்படும் இடத்திலேயே ரோமத்தைக் கோதிக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் கைக்குச் சூடு பொறுக்கவில்லையென்றால் நாய்க்கும் பொறுக்காது. முகத்திலும் காதிலும் காற்றைச் செலுத்தக் கூடாது. இரண்டு மூன்று நிமிஷத்திற்கொரு தரம் நிறுத்தி, வேர்வரை விலக்கிப் பாருங்கள். சத்தத்திற்கு அஞ்சும் நாய்க்கு, முதல் சில நாட்கள் தூரத்தில் கருவியை ஓடவிட்டு, தின்பண்டம் கொடுத்துப் பழக்குவது வழி. கயிற்றால் கட்டிவைத்துக் காற்றடிப்பது வேண்டாம்.

மின்சாரத்தை மறப்பதற்கில்லை. குளியலறையில், ஈரத் தரையில், ஈரக் கையுடன் மின்கருவியைத் தொடலாகாது. நாய் உதறும் நீர் கருவிக்குள்ளும் சுவரிலுள்ள பிளக்கிற்குள்ளும் தெறிக்கும். வேறு அறைக்கு, உலர்ந்த தரைக்குக் கொண்டுசென்று, காலில் செருப்போடு இவ்வேலையைச் செய்யுங்கள். குட்டிகளுக்குக் கம்பியைக் கடிக்கும் குணம் உண்டு. வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மின்கசிவு நேர்ந்தால் தானே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி வீட்டில் இல்லாதவர்கள் அதைப் பொருத்திக்கொள்வது, நாய்க்காக அல்லாவிட்டாலும் குழந்தைகளுக்காகவேனும் அவசியம்.

சூட்டுப்புண்ணைவிடக் கொடியது ஒன்றுண்டு. நாய்க்கு உடம்பில் நம்மைப்போல் வியர்ப்பதில்லை. உள்ளங்காலில் மட்டும் சிறிது வியர்க்கும். நாக்கை நீட்டி மூச்சிரைத்தே அது சூட்டைத் தணிக்கிறது. மூடிய அறையிலோ கூண்டிலோ வைத்துச் சூடான காற்றைச் செலுத்தினால், அக்காற்றையே அது மூச்சாக இழுக்க நேர்கிறது. ஈரம் நிறைந்த வெப்பக் காற்றில் இரைப்பதால் பயனில்லை. பக் போன்ற சப்பைமூக்கு நாய்க்குச் சாதாரண நாளிலேயே மூச்சுத் திணறல். இத்தகைய இடத்தில் சில நிமிஷங்களிலேயே உயிர் போகக்கூடும். அயல்நாடுகளில், நாய்களைக் குளிப்பாட்டும் கடைகளில் கூண்டோடு சூடேற்றி உலர்த்தியதால் நாய்கள் இறந்ததுண்டு. நம் ஊர்களிலும் இப்போது அத்தகைய கடைகள் தோன்றியிருக்கின்றன. எவ்விதம் உலர்த்துகிறார்கள், அருகில் ஆள் நிற்கிறாரா என்று கேட்டறிந்தபின் நாயை விட்டுவருவது நல்லது. கேட்டால் கோபித்துக்கொள்ளும் கடையில் விடாமலிருப்பது அதைவிட நல்லது.

ஆரோக்கியமான நாயின் உடல் வெப்பம் 101 முதல் 102.5 பாகை பாரன்ஹீட் வரை இருக்கும். அஃது 105-ஐத் தாண்டினால் ஆபத்து. விடாமல் பலமாக இரைத்தல், ஈறு செக்கச்சிவத்தல், கெட்டியான எச்சில் வடிதல், தள்ளாடுதல், வாந்தி இவை அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, சாதாரணக் குழாய் நீரை உடம்பெங்கும், முக்கியமாக வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றி, விசிறியைச் சுழலவிட வேண்டும். ஈரத் துண்டால் போர்த்தி மூடக் கூடாது. சூடு உள்ளேயே நின்றுவிடும். வாயில் நீரைப் பலவந்தமாக ஊற்றலாகாது. நீரூற்றிக்கொண்டே மருத்துவரிடம் விரைய வேண்டும். தெளிந்துவிட்டதுபோல் தோன்றினாலும் காட்டியே தீரவேண்டும். உள்ளுறுப்புகளுக்கு நேர்ந்த கேடு பிறகு வெளிப்படுவதுண்டு.

மழைநீரில் நனைந்துவரும் நாய்க்கு வேறொரு கவனம் தேவை. தெருவில் தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் லெப்டோஸ்பைரா நோய் அதன் வழியே நாய்க்கும் மனிதருக்கும் வருகிறது. ஊறி மென்மையான தோலும் சிறு கீறலும் அதற்கு வாசல். ஆகவே வெள்ளநீரில் நடந்த நாயை வாசலிலேயே நிறுத்தி, சுத்தமான நீரால் கால்களைக் கழுவி, விரலிடுக்குகளை ஒற்றி உலர்த்தியபின்பே உள்ளே விடுங்கள். அத்துண்டைக் குழந்தைகள் தொடாதபடி தனியே துவைத்துக் காயவையுங்கள். உங்கள் கையில் காயமிருந்தால் உறை அணிந்துகொள்ளுங்கள். நாய்க்கு இந்நோயைத் தடுக்கும் ஊசி ஆண்டுதோறும் போடப்படுகிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடச் செல்லும்போதே இதையும் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். படுக்கையாகப் போட்ட கோணிச் சாக்கு மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக்கொண்டே இருக்கும். உலர்த்திய நாயை ஈரச் சாக்கில் படுக்கவைத்தால் உழைப்பெல்லாம் வீண். தரைக்குச் சற்று உயர்ந்த பலகையும், அதன்மேல் மாற்றி மாற்றித் துவைக்கத்தக்க துணியும் போதும்.

ரோமத்தை உலர்த்தும் நேரமே உண்ணி பார்க்கும் நேரமும் ஆகும். காதுக்குள், விரலிடுக்கில், கழுத்தடியில் பாருங்கள். உண்ணி இரத்தத்தைக் குடிப்பதோடு நில்லாது, எர்லிக்கியா, பபீசியா முதலிய காய்ச்சல் கிருமிகளையும் உடம்பில் ஏற்றிவிடுகிறது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சுவரின் வெடிப்பிலும் கட்டிலின் மூட்டிலும் இடும். நாயை மட்டும் சுத்தம் செய்து வீட்டை விட்டுவிட்டால் பயனில்லை. இவ்வூர்களில் மருந்துக் கடையிலும் மருத்துவமனையிலும் தெலுங்கில் விளக்க நேரும் அன்பர்களுக்கு ஒரு குறிப்பு: உண்ணியைக் "கோமார்லு" என்றும், சொறியைக் "கஜ்ஜி" என்றும், அரிப்பைத் "துரத" என்றும் சொன்னால் புரிந்துகொள்வார்கள். சித்தூர்ப் பக்கம் தமிழே போதுமான இடங்களும் பல.

சொறிக்கு மண்ணெண்ணெய் தடவுதல், வண்டியிலிருந்து எடுத்த கழிவெண்ணெய் பூசுதல், பினாயில் கலந்த நீரால் குளிப்பாட்டுதல், கற்பூரம் கரைத்த எண்ணெய் தேய்த்தல் இவையெல்லாம் இன்னும் நம்மிடையே வழங்குகின்றன. நாய் தன் உடம்பை நக்கும் பிராணி. ரோமத்தில் பூசியது வயிற்றுக்குள் போகும். இவை யாவும் விஷம். உண்ணிக்கும் சொறிக்கும் மருத்துவர் தரும் கழுவுமருந்துகளில் சில, கழுவியபின் நீரால் அலசாமலும் துண்டால் துடைக்காமலும் தானே காயவேண்டியவை. அங்கே மேற்சொன்ன துண்டு முறை பொருந்தாது. காயும்வரை நாய் நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாய்க்கு விற்கும் மருந்தைப் பூனைக்குப் பூசுவது அறவே கூடாது. பெர்மெத்ரின் கலந்தவை பூனையைக் கொன்றுவிடும்.

மருத்துவ வசதியில் நம் பகுதியினர் பாக்கியசாலிகள் என்றே சொல்லவேண்டும். திருப்பதியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1955 முதல் நடைபெற்று வருகிறது. 2005-இல் ஏற்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமும் திருப்பதியே. கல்லூரியோடு இணைந்த மருத்துவமனையில் மாடு, ஆடுகளோடு நாய், பூனைகளையும் பார்க்கிறார்கள். சித்தூரிலும் அரசினர் கால்நடை மருத்துவமனை உண்டு. அடுத்த வீட்டுக்காரர் சொன்ன வைத்தியத்தை ஒரு வாரம் செய்துபார்த்தபின் அங்குச் செல்வதைவிட, முதல் நாளே செல்வதற்கு ஆகும் செலவு குறைவு.

எம் இலாகா சம்பந்தமாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். விடுமுறைக்கு ஊர் செல்வோர், நாயைக் காட்பாடிக்கோ சென்னைக்கோ இரயிலில் கொண்டுபோக நினைத்து, புறப்படும் நாள் காலையில் குளிப்பாட்டி அழைத்துவருகிறார்கள். குளிர்பதன முதல் வகுப்பில் தனி அறை முழுவதும் பெற்றவர்கள் தவிர, மற்றவர்களின் நாய் கார்டு வண்டியிலுள்ள நாய்ப்பெட்டியில்தான் செல்லவேண்டும். அப்பெட்டி சிறியது. ஈர ரோமத்துடன் அதற்குள் அடைபட்டால், கோடையில் புழுக்கமும், மார்கழியில் குளிரும் நாயை வாட்டும். குளியலை இரண்டு நாள் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். மருத்துவரின் ஆரோக்கியச் சான்றிதழும் தேவைப்படுவதால், அதற்குப் போகும்போதே தோலையும் காட்டிவிடலாம்.

குட்டிகளைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. தடுப்பூசிகள் முடியாத சிறு குட்டியைக் குளிப்பாட்டவே வேண்டுவதில்லை. அசுத்தப்பட்டால், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி, மடியில் வைத்துக்கொண்டால் உங்கள் உடம்புச் சூட்டிலேயே காய்ந்துவிடும். மூட்டுவலியுள்ள கிழநாய்க்கும் இம்முறையே ஏற்றது. வழுக்கும் தரையில் நின்றால் அதற்குக் கால் பரப்பிவிடும். அடியில் ஒரு சாக்கை விரித்து நிற்கவையுங்கள்.